ஏழாவது சீட்டு

கெட்டில் கருகிய பழி முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் தேர்தல் முறைகளுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அன்று காலை தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, இரண்டே நிமிடம் என்று நினைத்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். மேசை மேல் நகராட்சியின் மாதிரி வாக்கெடுப்புப் பட்டியல் கிடந்தது. ஒரே ஒரு வட்டாரம், நாலாயிரத்துச் சொச்சம் சீட்டுகள். மூன்றாவது சுற்றில் ஒரு வேட்பாளரை நீக்கும் இடத்தில் பதினோரு ஓட்டு உதைத்தது. அந்தப் பதினொன்றைத் தேடிப் பிடித்துத் தலை நிமிர்ந்தபோது சமையலறை முழுக்கப் புகை. வாசலில் எதிர்வீட்டுக்காரர் கையில் தொலைபேசியோடு நின்றார். தொலைபேசிக்குள் என் சின்ன மகள் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் முப்பத்தைந்து வருடம் தேர்தல் அலுவலகத்தில் இருந்தவன். எண்ணிக்கை அதிகாரி. ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் கூப்பிட்டு, ஒரு அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். இனி நகராட்சித் தேர்தலில் வாக்காளர் ஒரு பெயருக்கு மட்டும் முத்திரை குத்தாமல், எல்லா வேட்பாளர்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தலாமா, அப்படிச் செய்தால் அதை எந்த முறையில் எண்ணுவது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். மனைவி போய் ஒரு வருடம் ஆகப்போகிற வேளையில் அந்த வேலை வந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘செல்லாது.’ முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காது கொஞ்சம் கூர்மை. சீட்டில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தாலும் தூக்கிப் பிடித்து “செல்லாது” என்பேன். யாரோ ஒருவர் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘நல்லவர்’ என்று எழுதியிருந்தார். செல்லாது. இன்னொருவர் பூப் படம் போட்டிருந்தார். அழகான பூதான், ஆனாலும் செல்லாது. வாக்காளர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எந்த அடையாளமும் சீட்டில் இருக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை எழுதியவன் நானில்லை.

மனைவி போன பிறகு வீட்டில் என்னோடு பேசுவது லிஃப்ட் ஒன்றுதான். மூன்றாவது மாடி வந்ததும், பதிவு செய்த ஒரு பெண் குரல் “கதவு திறக்கிறது” என்று சொல்லும். சில நாள் அதற்கு “சரிம்மா” என்று பதில் சொல்லியிருக்கிறேன். அறிக்கைக்கான எண்களை வாய்விட்டுப் படிப்பேன், ஒரு குரல் கேட்க வேண்டுமே என்று. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. சொன்னால் பதறுவார்கள், பதறினால் முடிவெடுப்பார்கள்.

கெட்டில் கருகியதும் அவர்கள் தாமாகவே பதறினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். மூத்தவளும் பெரிய மாப்பிள்ளையும், மகனும் மருமகளும், சின்னவளும் சின்ன மாப்பிள்ளையும். மூத்தவள் வீட்டில் பெரிய மாப்பிள்ளையின் அம்மாவும் இருக்கிறார். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று என் சம்பந்தியம்மாவையும் கூட்டி வந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடச் சம்பந்தம். அவரும் நானும் அதுவரை பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. “சௌக்கியமா?” “சௌக்கியம்.” அவ்வளவுதான்.

பேச்சு ஒன்றே ஒன்று: அப்பா இனி எங்கே இருப்பது?

“பையன் வீட்லதான் இருக்கணும், அதானே முறை” என்றாள் மூத்தவள்.

“சின்னவதான் அப்பாவோட செல்லம். அவ வீட்ல இருந்தாத்தான் அவருக்கு மனசு ஒட்டும்” என்றான் மகன்.

“அக்கா வீடுதான் பெருசு. தோட்டம் வேற இருக்கு” என்றாள் சின்னவள்.

பந்து இப்படியே மூன்று பேர் காலிலும் உருண்டது. யார் காலிலும் நிற்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் என்னோடு யாரும் பேசவில்லை. சின்னவள்தான் கடைசியில் கையைத் தட்டினாள்.

“அப்பா, ஊர்ச் சண்டையெல்லாம் எண்ணியே தீர்த்தவன் நீ. எங்க சண்டையையும் எண்ணிடேன். இந்த வரிசை போடுறது, ஒண்ணு ரெண்டு மூணு, அதை வச்சே ஓட்டுப் போடுறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ உற்சாகம் வந்துவிட்டது, அதை மறைப்பானேன். ஒரு வருடத்தில் அந்த வீட்டில் அத்தனை பேர் சிரித்தது அப்போதுதான். விறுவிறுவென்று சீட்டு அடித்தேன். நான்கு வரிகள்: மூத்தவள் வீடு, மகன் வீடு, சின்னவள் வீடு, இங்கேயே தனியாக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பென்சில் சீவினேன். காலியான டிஷ்யூ பெட்டிதான் வாக்குப்பெட்டி. அதில் ஓட்டை ஏற்கெனவே இருந்தது.

கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு விதிகளைப் படித்தேன், அலுவலகத்தில் படிப்பது போலவே. “பிடிச்சதுக்கு ஒண்ணு, பிடிக்காததுக்கு நாலு. நாலு கட்டத்தையும் நிரப்பணும். எண்ணைத் தவிர வேற எதையும் எழுதக் கூடாது. எழுதினா செல்லாது.”

“தெரியும்ப்பா, உங்க பேரே அதானே” என்றான் மகன். மறுபடி சிரிப்பு.

ஆறு சீட்டைக் கொடுத்து முடித்தபோது சமையலறைக் கதவருகே சம்பந்தியம்மா வந்து நின்றார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குடித்த கோப்பைகளை அவர்தான் கழுவிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“எனக்கு ஓட்டு கிடையாதா?”

“அம்மா, இது சும்மா விளையாட்டும்மா” என்றார் பெரிய மாப்பிள்ளை.

எனக்குச் சுருக்கென்றது. வாக்காளர் பட்டியல் விஷயத்தில் நான் விளையாடுவதில்லை. “அவங்க இருக்கிற வீடும் சீட்டுல இருக்கு மாப்பிள்ளை. அவங்களுக்கும் ஓட்டு உண்டு.” ஏழாவது சீட்டை அடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், சுவரில் வைத்து வெகு நேரம் எழுதினார்.

என் ஓட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம்: பெட்டியைத் திறக்கிறவன் அந்தப் பெட்டியில் ஓட்டுப் போடுவதில்லை. முப்பத்தைந்து வருடம் நான் எதிலும் ஓட்டுப் போட்டதே இல்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டில் மேல் சீட்டுகளைப் பரப்பினேன். பரப்பிய பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். எந்த முறையில் எண்ணப்போகிறேன் என்று நான் அறிவிக்கவே இல்லை!

இது சாதாரணத் தப்பில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத் தேர்தலில், சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதைப் பெட்டியைத் திறந்த பிறகு முடிவு செய்ததற்காக ஒரு இளைய அதிகாரியை ஊர் அறியத் திட்டியவன் நான். சீட்டைப் பார்த்த பிறகு முறையைத் தேர்ந்தெடுப்பவன் எண்ணுவதில்லை, அவன்தான் ஓட்டே போடுகிறான் என்று அப்போது சொன்னேன். ஊருக்கு உபதேசம் எளிது.

சரி, அறிக்கையில் ஒப்பிட்ட நான்கு முறையிலும் எண்ணிவிடுவோம், எல்லாவற்றிலும் ஒரே விடை வந்தால் கவலையில்லை என்று நினைத்தேன். சீட்டுகளைப் பார்த்தேன். எண்கள்தான், கையெழுத்தில்லை, ரகசியம் காப்பாற்றப்பட்டிருந்தது. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கும் நாலு போடக் கற்றுக்கொடுத்தவன் நான். மூத்தவளின் நாலுக்குத் தலை திறந்திருக்கும். மகனின் நாலு நாற்காலியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். சின்னவளின் நாலுக்கு வால் நீளம். பார்க்காதே என்று கண்ணுக்குச் சொன்னாலும் கண் கேட்குமா?

மூத்தவளின் நாலு, மூத்தவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மகனின் நாலு, மகன் வீட்டுக்குப் பக்கத்தில். சின்னவளின் நீள வால், அவளுடைய வீட்டுக் கட்டத்தில். கணவன் மனைவி இரண்டு பேரும் பேசி வைத்த மாதிரி ஒரே வரிசை.

பொதுத் தேர்தலில் ஒரு தந்திரம் உண்டு. வலுவான எதிரியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளுவது. என் அறிக்கையில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். இங்கே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டையே கடைசியில் தள்ளியிருந்தார்கள். இதற்கு நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆறு சீட்டிலும் இரண்டாம் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இங்கேயே தனியாக.

பிறகு ஏழாவது சீட்டை எடுத்தேன். நடுங்கிய கோடுகள். மூத்தவள் வீடு ஒன்று. மகன் வீடு இரண்டு. சின்னவள் வீடு மூன்று. இங்கேயே தனியாக, நாலு. அந்த நாலுக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாக எழுதியிருந்தது: ‘இது வேண்டாம். நான் இருந்து பார்த்திருக்கேன்.’

கைப்பழக்கத்தில் அதைத் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு திரும்பவும் சேர்த்து வைத்து, அதையும் சேர்த்தே ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

முதலிடத்தை மட்டும் எண்ணுகிற பழைய முறையில் மூத்தவள் வீட்டுக்கு மூன்று, மற்ற இரண்டு வீட்டுக்கும் இரண்டிரண்டு. தனிமைக்கு முதலிடம் ஒன்றுகூட இல்லை. ஆக மூத்தவள் வீடு.

அடுத்தது நீக்கல் முறை. யாருக்கு முதலிடம் குறைவோ அவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவது. மக்களுக்கு இது சட்டென்று புரியும், அதனால் பல ஊர்களில் இதைத்தான் விரும்புகிறார்கள். தனிமை முதல் சுற்றிலேயே அவுட். அடுத்து மகனும் சின்னவளும் சமம். சமம் என்றால் இரண்டாம் விருப்பம் யாருக்குக் கூடுதல் என்று பார்க்கும்படி எங்கள் விதி. மகன் வீட்டுக்குச் சம்பந்தியம்மா போட்ட ஒரு இரண்டு இருந்தது, சின்னவள் வீடு வெளியே போனது. அந்தச் சீட்டுகள் மூத்தவளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்துக்கு இரண்டு. மறுபடியும் மூத்தவள் வீடு.

மூன்றாவது புள்ளி முறை. முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு ஒன்று, கடைசிக்குப் பூஜ்யம். மூத்தவள் வீடு பதினொன்று. தனிமை பன்னிரண்டு.

கடைசி முறை நேருக்கு நேர். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மோதவிடுவது. தனிமையும் மகன் வீடும் மோதினால் நாலுக்கு மூன்று, தனிமை. தனிமையும் சின்னவள் வீடும், நாலுக்கு மூன்று. தனிமையும் மூத்தவள் வீடும், நாலுக்கு மூன்று. மூன்று பேரையும் தனியாக நின்று தோற்கடித்துவிட்டது.

ஆக இரண்டு முறைப்படி நான் போக வேண்டும், இரண்டு முறைப்படி நான் இருக்க வேண்டும். இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாலாவது முறைக்காகத்தான் நான் அறிக்கையில் நாற்பது பக்கம் வாதாடியிருந்தேன். யாருக்கும் முதல் ஆளாக இல்லாவிட்டாலும் எல்லோரும் ஏற்றுக்கொள்கிற ஒருவரை நீக்கல் முறை முதல் சுற்றிலேயே விரட்டிவிடுகிறது, அது அநியாயம், நேருக்கு நேர் நின்று எல்லோரையும் வெல்பவரே மக்கள் தேர்வு. என் சொந்த வாக்கியங்கள். சில நேரம் அந்த முறையில் வட்டம் விழும், ஒன்று இரண்டை வெல்ல, இரண்டு மூன்றை வெல்ல, மூன்று ஒன்றை வெல்லும், வெற்றியாளரே இல்லாமல் போகும். என் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். யார் வீடு என்றாலும் சரி, காலையில் யாராவது கதவைத் தட்டி “குளிச்சிட்டீங்களா?” என்று கேட்கிற வீடு வேண்டும். மூத்தவள் வீடு என்று வெளியே போய்ச் சொன்னால் போதும். முறை எது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தலை திறந்த நாலு கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசியில் போட்டவள் வீட்டுக்குப் பெட்டியோடு போய் நிற்பதா? கோபம் வந்தது. கோபத்துக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. அது கையிலேயே இருந்தது.

ஏழாவது சீட்டை எடுத்து, மேல் மூலையில் எழுதினேன்: செல்லாது.

ஆறு சீட்டில் சிக்கலே இல்லை. மூன்று வீட்டுக்கும் முதலிடம் இரண்டிரண்டு, அதில் ஜெயிப்பார் இல்லை. புள்ளியில் எட்டு எட்டு. தனிமைக்குப் பன்னிரண்டு. நேருக்கு நேர் எல்லாம் நாலுக்கு இரண்டு. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அறிவித்தேன்.

“இங்கேயே தனியாக.”

அறையில் எல்லோருடைய தோளும் இறங்கியதைப் பார்த்தேன். எத்தனையோ தேர்தல் முடிவுகளை அறிவித்திருக்கிறேன். ஜெயித்தவன் முகம் தெரியும், தோற்றவன் முகம் தெரியும். இது மூன்றாவது வகை, தப்பித்தவன் முகம்.

“நான் அப்பவே சொன்னேன், அப்பாவுக்கு அவரோட இடம்தான் சுகம்” என்றான் மகன். மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் மாத்திரைகளை எடுத்துக் கிழமை போட்ட டப்பாவில் அடுக்கினாள். சின்னவள் தானாக அணையும் மின்கெட்டில் ஒன்றை அங்கேயே உட்கார்ந்து வரவழைக்க ஏற்பாடு செய்தாள். திங்கள் மூத்தவள், புதன் மகன், வெள்ளி சின்னவள் என்று தொலைபேசியில் கூப்பிடும் முறையும் போட்டார்கள். பொல்லாத பிள்ளைகள் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் பாடு. எனக்கு அது புரியாமல் இல்லை, புரிந்து என்ன செய்ய?

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். லிஃப்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொள்ளவில்லை. கடைசி நடையில் சம்பந்தியம்மா மட்டும் பைகளோடு லிஃப்டுக்குள் நின்றார். நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“என் சீட்டை எண்ணினீங்களா, சம்பந்தி?”

பொய் சொல்லியிருக்கலாம். “எண்ணைத் தவிர வேற எதுவும் எழுதக் கூடாதும்மா. அதனால செல்லாது.”

“ஓ” என்றார். பையைக் கை மாற்றிக்கொண்டார். “எனக்குத் தெரியலையே. அப்ப நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்.”

கதவு மூடுகிறது, என்றது லிஃப்ட். மூடிக்கொண்டது.

நான் அங்கேயே நின்றேன். ஆறு பேருக்கு விதி படித்தேன். ஏழாவது ஆளுக்குச் சீட்டைக் கொடுத்தேன், விதியைப் படிக்கவில்லை. விதி சொல்லப்படாத வாக்காளரின் சீட்டைத் தள்ளக் கூடாது என்பது பால பாடம். தவறு வாக்காளருடையது அல்ல, அதிகாரியுடையது. முப்பத்தைந்து வருடத்தில் இந்தத் தவறை நான் செய்ததில்லை. அன்று செய்தேன், அது என் கோபத்துக்கு வசதியாக இருந்ததால். அதுதான் என்னை அறுத்தது.

மறுநாள் காலை அறிக்கையை எடுத்து வைத்தேன். ஓடவில்லை. ஏழு சீட்டையும் மேசையில் பரப்பினேன். ஏழாவதில் நான் எழுதிய ‘செல்லாது’ என்ற சொல்லை ரப்பரால் அழித்தேன். சரியாக அழியவில்லை. அழுத்தி எழுதுவது என் பழக்கம். அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்தை மறுபடி படித்தேன். நான் இருந்து பார்த்திருக்கேன். பெரிய மாப்பிள்ளையின் அப்பா இறந்த பிறகு அந்த அம்மா நாலு வருடம் தனியாக இருந்தார் என்று என் மனைவி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது நான் என்ன பதில் சொன்னேன்? ஏதோ எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

பதினோரு மணி. மூத்தவளும் மாப்பிள்ளையும் எட்டரைக்கே வேலைக்குப் போயிருப்பார்கள். மனைவியின் கையெழுத்தில் இருந்த பழைய டைரியில் அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தேன். மணி நிறைய நேரம் அடித்தது.

“யாரு?”

“நான்தான், சம்பந்தி பேசுறேன்.”

“அவங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டாங்களே. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கூப்பிடுங்க.”

“அவங்ககிட்ட இல்லைம்மா. உங்ககிட்டதான் பேசணும்.”

“என்கிட்டயா?” என்றார். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

“நேத்து உங்க சீட்டைத் தள்ளினது என் தப்பு. விதியை உங்களுக்கு நான் படிக்கலை. அதனால உங்க ஓட்டு செல்லும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“இதுக்குப் போயா?” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “நாலுன்னு மட்டும் போட்டா, சும்மா கடைசின்னு நினைச்சுடுவீங்களோன்னுதான் எழுதினேன். அதுக்கு நாலு போதலை சம்பந்தி.”

நாற்பது பக்க வாதத்தில் எனக்குத் தட்டுப்படாத ஓட்டை அது. வரிசை என்பது எது முன்னே, எது பின்னே என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. எந்த முறையில் எண்ணினாலும் சொல்லாது. இதைப் படித்த பேராசிரியர்கள் எவ்வளவோ எழுதியிருக்கலாம், எனக்கு உறைத்தது அந்தத் தொலைபேசியில்தான்.

“நான் உங்களுக்காக மட்டும் எழுதினேன்னு நினைக்காதீங்க” என்றார் அவர். “இந்த வீட்லயும் காலையில எட்டரையிலேருந்து ராத்திரி ஏழு வரைக்கும் நான் ஒருத்திதான். நீங்க வந்தா ரெண்டு பேராச்சேன்னு பார்த்தேன். சுயநலம்தான்.”

நான் அவருடைய சீட்டை மேசையில் எனக்கு நேராக இழுத்து வைத்தேன்.

“சரி, என் ஓட்டையும் சேர்த்தா எவ்வளவு வருது?”

“நாலுக்கு மூணு.”

“நமக்கா?”

“இல்லைம்மா. தனியா இருக்கிறதுக்குத்தான் நாலு.”

“ஒரே ஒரு ஓட்டுலயா தோத்தோம்!” அடுத்த வீட்டில் யாரோ தேர்வில் தவறிய மாதிரி அங்கலாய்த்தார். பிறகு கேட்டார், “நீங்க போட்டீங்களா?”

“எண்ணுறவன் போடக் கூடாது. அது வழக்கம்.”

“அப்ப உங்களுக்கு எது வேணும்னு யாருக்குமே தெரியாதா?”

“யாரும் கேக்கலை.”

“நான் கேக்கறேன்.”

மேசை மேல் ஏழு சீட்டு. சமையலறையில் காலையிலேயே வந்து சேர்ந்த புது மின்கெட்டில், இன்னும் அட்டைப்பெட்டியில். வாயைத் திறந்தேன்.

“இங்க இருக்கப் பிடிக்கலைம்மா” என்றேன். “பயமா இருக்கு.”

அவர் “தெரியும்” என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டுக் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. என் வீட்டுக் குழாய் சொட்டுவது அவருக்குக் கேட்டிருக்கும்.

“உங்க ஓட்டையும் சேர்த்தா?” என்றார்.

“நாலுக்கு நாலு. ஆனா முடிவு அறிவிச்சாச்சும்மா. இனிமே மாத்த முடியாது. கடைசியில போட்ட வீட்டுக்கு நான் வர்றதும் நல்லா இருக்காது.”

யார் போட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருப்பவர், அவருக்கா தெரியாது?

“சரி” என்றார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “இந்த மறுபடி எண்ணுறதெல்லாம் ஒரு தடவைதான் செய்யணும்னு சட்டம் இருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். “ஒரு தடவைதான்னு எங்கயும் எழுதலை.”

“அப்போ நாளைக்கும் ஒருக்கா எண்ணிப் பாருங்களேன்.”

நான் சீட்டுகளை ஒன்று சேர்த்துத் தட்டி, டிஷ்யூ பெட்டிக்குள் போட்டேன். அவருடைய சீட்டை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன்.

“இதே பதினோரு மணிக்குக் கூப்பிட்டு எண்ணுறேன்” என்றேன்.